தொடாமல் தாங்கும் தூண்

காலை எட்டு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தையும் விழுங்கிவிட்டிருந்தது. எது பேருந்து வரிசை, எது தூண் வரிசை என்று தெரியாமல் மாறி நின்ற இரண்டு பேர், வேலைக்குப் போவதற்குப் பதிலாகத் தூணைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கும் நல்லது நடந்ததாம். ஒருநாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடந்தால் யாருக்குத்தான் நல்லது நடக்காது?

"நேத்து ஒரு அம்மாவுக்கு எப்படிச் சுட்டுச்சு தெரியுமா? கையை எடுக்கவே மனசு வரலையாம்."

"என்ன கேட்டாங்க? பொண்ணு கல்யாணமா?"

"இல்ல, நாய் தொலைஞ்சு போச்சு."

"கிடைச்சுதா?"

"வேற நாய் கிடைச்சுது."

"பாத்தியா! எனக்கு அப்பவே புல்லரிச்சுது."

தூணைப் பற்றிச் சொல்லுமுன் அது நின்ற கட்டடத்தைச் சொல்லிவிட வேண்டும். நாற்பத்திரண்டு மாடி. நகரத்தின் எந்த மூலையில் நின்றாலும் தெரியும். தெரியாமல் இருந்தால் தேவலை என்றவர்களும் உண்டு. அதுவரை அந்த ஊரில் உயரமாகக் கட்டியதெல்லாம் கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அந்தச் சலிப்பில் பிறந்தது இது. உடம்பெல்லாம் இளஞ்சிவப்புக் கல். உச்சியில் நடுவே பிளந்த ஒரு முக்கோணம். யாரோ ஒரு ராட்சசன் வீடு மாறும்போது தன் துணி அலமாரியை நடுத்தெருவில் மறந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். ஒரு மாடியில் வட்ட ஜன்னல், அடுத்ததில் சதுரம், அதற்கும் மேலே ஜன்னல் மாதிரி செதுக்கிய வெறும் கல். வாசலில் யானை நுழைகிற வளைவு. அந்த வளைவுக்குள்ளே, மனிதர் தலையைக் குனிந்து நுழைகிற நாலு கதவு.

பத்திரிகைகள் இதைப் பின்நவீனத்துவம் என்று எழுதின. அதாவது, பழைய அரண்மனைகளிலிருந்து தூணையும் வளைவையும் எடுத்துக்கொண்டு, அவை பார்த்துவந்த வேலையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வருவது. பாரத்தைச் சுமப்பதெல்லாம் உள்ளே ஒளிந்திருக்கும் இரும்பும் சிமென்டும். வெளியே தெரிவது வேடிக்கை.

கீழ்த்தளக் கூடத்தில் அந்த வேடிக்கை உச்சத்துக்குப் போயிருந்தது. எட்டுத் தூண்கள். ஏழு தூண்கள் கூரையைப் போய் முட்டும். எட்டாவது தூண் கூரைக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிடும். அண்ணாந்து பார்த்தால் இடைவெளி வழியே அந்தப் பக்கத்து விளக்கு தெரியும். பக்கத்தில் ஐந்தே படி கொண்ட ஒரு படிக்கட்டு. ஏறினால் சுவர். இறங்கி வர வேண்டியதுதான். கட்டடக் கலைஞரின் நகைச்சுவை அது. பதினெட்டு வருஷம் யாரும் சிரிக்கவில்லை.

பத்தொன்பதாம் வருஷம் ஒருவர் வந்தார். அவரும் சிரிக்கவில்லை. தூணை ஒரு சுற்று சுற்றிவந்தார், அண்ணாந்து இடைவெளியைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏழு தூண் தொட்டுத் தாங்குது. அது கூலிக்குச் செய்யுற வேலை. இந்த எட்டாவது தொடாமலே தாங்குது. இதுதான் கட்டடத்தோட உயிர்" என்றார்.

அவ்வளவுதான். அடுத்த வாரமே அவர் தூணய்யா ஆகிவிட்டார். அதற்கு முன்னால் அவர் வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிப்புப் பெட்டி விற்றார் என்று சிலருக்குத் தெரியும். தெரிந்தவர்கள், "பாத்தீங்களா, அப்பவே தூய்மையில நாட்டம்" என்றார்கள். சாம்பல் நிறக் கோட்டு. சட்டைப் பையில் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம். கழுத்தில் சங்கிலி கோத்துத் தொங்கவிட்ட ஒரு தூக்குக்குண்டு. எங்கும் போகாத அந்த ஐந்து படியின் உச்சியில் நாற்காலி போட்டு, காலடியில் கம்பளம் விரித்து உட்கார்ந்தார். எங்கும் போகாத படிக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம்.

முறை எளிது. உங்கள் கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கூப்பிடும்போது போய், தூணின் ஒரு குறிப்பிட்ட கல்லில் உள்ளங்கையை வைக்க வேண்டும். சுட்டால் 'செய்'. குளிர்ந்தால் 'பொறு'. ஒரு கை வைக்க ஒரு விலைச் சீட்டு, இரண்டு கைக்கு வேறு விலை, நெற்றியும் சேர்த்து வைப்பதென்றால் அதற்கும் மேலே. நெற்றிச் சீட்டுத்தான் சீக்கிரம் தீரும். உள்ளே இருப்பதை உபயோகிக்காதவர்கள் வெளிப்பக்கத்தையாவது உபயோகிக்க வேண்டாமா?

சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள்: 'இந்தத் தூணின் ஒரு கல் அசைந்தால் நாற்பத்திரண்டு மாடியும் அசையும்.'

கட்டட மேலாளர் இதையெல்லாம் ஏன் அனுமதித்தார் என்று கேட்கிறீர்களா? பாதி மாடிகள் ஆளில்லாமல் கிடந்தன. இப்போது 'இந்தக் கட்டடத்தில் அலுவலகம் எடுக்கலாமா?' என்று எழுதிக் கொடுத்த எல்லாருக்கும் தூண் கொதித்தது. ஒருவருக்குக்கூடக் குளிரவில்லை. தூணுக்கு வாடகைத் தரகில் நல்ல ஞானம்.

அந்தக் கட்டடத்தில் இந்த ஞானத்தைத் துளியும் மதிக்காத ஒருத்தி இருந்தாள். வயது நாற்பத்தாறு. கல் பராமரிப்பு வேலை. சுவரிலும் தூணிலும் மாட்டிய கற்களை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்து, தளர்ந்ததைக் கழற்றி, புதிதாக மாட்டுவது அவள் பாடு. இடுப்பில் எப்போதும் திருப்புளி தொங்கும் என்பதால் நாற்பத்திரண்டு மாடிக்கும் அவள் பெயர் திருப்புளி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

"திருப்புளி, நீ ஒரு தடவை கை வச்சுப் பாரேன்" என்றார் ஒன்பதாவது மாடிப் பல் டாக்டர். வாரம் மூன்று முறை நெற்றிச் சீட்டு எடுப்பவர் அவர்.

"பதினெட்டு வருஷமா அதைத் தொட்டுத் துடைக்கிறேன் டாக்டர். கை வச்சா சொல்லும்னா, எனக்கு அது கதையே சொல்லியிருக்கணும்."

"நம்பிக்கையோட வைக்கணும்மா."

"நீங்க பல்லைப் பிடுங்கறப்போ நம்பிக்கையோட பிடுங்குவீங்களா, குறடால பிடுங்குவீங்களா?"

டாக்டர் கையுறையை இழுத்து விட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறிவிட்டார்.

ஒருநாள் கட்டடக் கலைஞரே வந்தார். எண்பதை நெருங்கிய மனிதர், கைத்தடி ஊன்றி வந்தார். பத்திரிகையில் படித்தாராம். வரிசையைப் பார்த்தார், படியைப் பார்த்தார், தூக்குக்குண்டைப் பார்த்தார். கூடத்தின் நடுவே நின்று சத்தமாகச் சொன்னார்.

"இதோ பாருங்க, இதை வரைஞ்சவன் நான். இந்தத் தூண் எதையும் தாங்கல. சும்மா வச்சது. சிரிக்கட்டும்னு வச்சது."

கூட்டம் அவரை இரக்கத்தோடு பார்த்தது.

"நீங்க வரைஞ்சீங்க சரி. உங்களை வரைய வச்சது யாரு?" என்றார் ஒருவர்.

"எனக்குச் சம்பளம் குடுத்தவங்க."

"ஒரு சாண் இடைவெளி விடணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"முழுசா கட்டினா யாருக்கும் வேடிக்கை புரியாதேன்னு."

"அதான்! தானா தோணியிருக்கு!" கூட்டம் கைதட்டியது.

படியின் உச்சியிலிருந்து தூணய்யா பெருந்தன்மையோடு கையை உயர்த்தினார். "ஐயாவைத் தொந்தரவு பண்ணாதீங்க. அவர் வெறும் கருவி. பேனாவுக்குக் கடிதாசியில என்ன இருக்குன்னு தெரியுமா?"

கட்டடக் கலைஞர் வெளியே வரும்போது திருப்புளி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒரு சின்ன ஜோக்குத்தான் அடிச்சேன்மா. இவங்க பெருசாக்கிட்டாங்க" என்றார் அவர், பாவம்.

திருப்புளி இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஊரார் நெற்றி, ஊரார் சீட்டு. ஆனால் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தது அவளுடைய அக்கா.

அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி. கோலி அளவு. ஊசி குத்தி எடுத்துச் சோதித்தும் ஆயிற்று. "இப்ப எடுத்தா முழுசா எடுத்துடலாம். மூணு வாரத்துக்கு மேல தள்ளாதீங்க" என்று அறுவை மருத்துவர் சொன்னார். அந்த மூன்று வாரம் முடிந்து, இன்னொரு மூன்று வாரமும் முடிந்திருந்தது. இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக ஒரு நாள் கொடுத்திருந்தார்கள். வருகிற புதன்கிழமை. அதை விட்டால் இரண்டு மாதம் கழித்துத்தான் இடம் கிடைக்கும்.

அக்காளும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அந்த ஆஸ்பத்திரிக் கடிதம் உப்பு ஜாடிக்கு அடியில் கிடந்தது.

"மூணு தடவையும் குளிர்ந்துச்சுடி" என்றாள் அக்கா.

"கல்லுக்கா அது. குளிராம?"

"மத்தவங்களுக்குச் சுடுதே."

"நம்ம வீட்டுக் குளியலறைத் தரையும்தான் மூணு வேளையும் குளிருது. அதைக் கேட்டு முடிவு பண்ணலாம். சீட்டாவது மிச்சம்."

"கிண்டல் பண்ணாதே. படிச்சவங்க வர்றாங்க. டாக்டர் வர்றார்."

"பல்லு டாக்டர்க்கா. உன் கட்டிக்குப் பல்லா இருக்கு?"

"வாயை மூடுடி!"

திருப்புளி மூடவில்லை. "அந்தத் தூணை மாட்டினவங்கள்ல நானும் ஒருத்தி. எட்டு வரிசைக் கல்லு. ஒவ்வொரு கல்லும் விரல் தடிமன். உள்ள ஒரு இரும்புச் சட்டம். மிச்சமெல்லாம் காத்து. நீ காத்தைக் கேட்டுட்டா ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்க?"

"மாட்டினவளுக்குக் கல்லைத் தெரியும். அவருக்குத்தான் தூணைத் தெரியும்."

"தூண்னா என்னக்கா? கல்லையும் சட்டத்தையும் எடுத்துட்டா அப்புறம் மிச்சம் நிக்குமே, அதுவா?"

அக்கா தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு கேளு. நான் போன வாரம் முழுக்க நின்னு பாத்தேன். காலையில கூப்பிடறவங்க எல்லாருக்கும் வரிசையா சுடுது. அப்புறம் ஒரு மணி நேரம் 'தூண் ஓய்வெடுக்குது'ங்கறார். அதுக்கப்புறம் கூப்பிடறவங்க எல்லாருக்கும் வரிசையா குளிருது. ஒருத்தருக்குச் சுட்டு அடுத்தவருக்கே குளிர்ந்ததா ஒரு தடவை காட்டு பாப்போம். ஏன் தெரியுமா? கல்லு ஆறுறதுக்கு நேரம் பிடிக்கும். சீட்டை முன்னாடியே வாங்கிப் படிச்சுட்டு, யாருக்குச் சுடணும், யாருக்குக் குளிரணும்னு பிரிச்சு அடுக்கி வச்சுக்கிறார். அந்த ஒரு கல்லைச் சுத்தி மட்டும் வெள்ளைப் பசை பூசியிருக்கு. நாங்க பூசுறது சாம்பல் நிறம். வெள்ளை குளியலறைக்குப் பூசுறது. யாரோ அந்தக் கல்லைக் கழட்டி மறுபடி மாட்டியிருக்காங்க."

"அதையும் அவர்கிட்டக் கேட்டேன்டி."

"கேட்டியா! என்ன சொன்னார்?"

"சந்தேகப்படறவங்க வீட்டுல இருந்து வந்தா கல்லு குளிரத்தான் செய்யும்னார்."

அப்படியொரு பதிலைத் தங்கையின் திருப்புளியால்கூடக் கழற்ற முடியாது.

"எனக்குப் பயமா இருக்குடி" என்றாள் அக்கா, திடீரென்று. "கத்தி வைக்கிறப்போ முழிச்சுக்கிட்டா?"

"மயக்க மருந்து குடுப்பாங்கக்கா."

"அதுலேருந்து முழிக்காமலே போயிட்டா?"

சிரிப்பதா அழுவதா என்று தங்கைக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. தூண் அக்காவுக்குச் சொன்னது 'இப்போது வேண்டாம்' என்ற இரண்டே வார்த்தை. பயந்து கிடப்பவள் காதுக்கு அதைவிட இனிப்பாக என்ன இருக்கிறது? அந்த ஆளுக்கும் அதில் நஷ்டமில்லை. செய் என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால் சட்டையைப் பிடிப்பார்கள். பொறு என்று சொல்லிச் செத்துப்போனால் யார் யாரைப் பிடிப்பது?

"திங்கக்கிழமை கடைசியா ஒரு தடவை கை வைக்கிறேன். நெத்திச் சீட்டு எடுத்துட்டேன். சுட்டா புதன்கிழமை போறேன். குளிர்ந்தா என்னை விட்டுடு. சத்தியமா விட்டுடணும்" என்றாள் அக்கா.

திருப்புளி சத்தியம் செய்யவில்லை. எழுந்து கைகழுவப் போனாள்.

திங்கட்கிழமை காலை அவள் மேலாளர் அறைக்குள் நுழைந்தாள். மேலாளர் தொலைபேசியில் யாருக்கோ முப்பத்தோராவது மாடியின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"வருஷாந்திரக் கல் பரிசோதனை சார். கையெழுத்து."

அவர் தாளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். எந்தத் தாளையும் அவர் பார்த்ததில்லை. அந்தத் தாளில் எழுதியிருந்தது இது: கீழ்த்தளக் கூடம், தூண்கள் எட்டு, எல்லாக் கற்களும் தட்டிப் பார்க்கப்படும், சந்தேகமானவை கழற்றப்படும்.

பதினொரு மணிக்கு அவள் கூடத்துக்கு வந்தாள். தள்ளுவண்டியில் சுத்தியல், பசை அறுக்கும் பிளேடு, கல்லைக் கவ்வித் தூக்கும் இரண்டு ரப்பர்க் கிண்ணங்கள். காலைச் 'சூட்டுக் கூட்டம்' முடிந்து தூண் ஓய்வெடுக்கும் நேரம். குளிர்க் கூட்டம் காத்திருந்தது. அதன் முதல் ஆளாக அக்கா, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். நெற்றியைத்தானே வைக்கப் போகிறாள்.

வாசல் காவலாளியிடம் திருப்புளி முன்பே சொல்லிவைத்திருந்தாள். "நாலு கதவையும் விரியத் திறந்து கொக்கி போட்டு வை. யாரும் நெருக்கியடிச்சு விழக் கூடாது."

"எதுக்கு?"

"காத்து வரட்டும்."

அவள் எட்டாவது தூணின் முதல் கல்லைத் தட்டினாள். டொக். காலிப் பெட்டிச் சத்தம். கூடம் முழுவதும் திரும்பியது.

"ஏய்! யாரது? தள்ளு!" தூணய்யாவின் குரலில் தெய்வீகம் சற்றுக் குறைந்திருந்தது.

"பரிசோதனை. மேலாளர் கையெழுத்து இருக்கு." அவள் தாளை உயர்த்திக் காட்டினாள். "ஐயா, ஒரு சந்தேகம். பலகையில எழுதியிருக்கே, ஒரு கல்லு அசைஞ்சா கட்டடமே அசையும்னு. அது நிஜமா, சும்மா அழகுக்கு எழுதினதா?"

அவ்வளவு பேர் முன்னால் ஒரு சாமானிய வேலைக்காரி கேட்கிறாள். அவர் என்ன செய்வார்? எழுந்து நின்று கையை விரித்தார்.

"நிஜம்! ஒரு கல்லு, ஒரே ஒரு கல்லு விலகினா நாப்பத்திரண்டு மாடியும் அப்படியே உக்காந்துடும். இங்க இருக்கிற ஒரு உயிர் தப்பாது!"

"நல்லாக் கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?"

"கேட்டோம்!" என்றது கூட்டம், ஒரே குரலில்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் பிளேடைச் சாம்பல் பசைக்குள் இறக்கினாள். வெள்ளைப் பசைக் கல்லை அவள் தொடவில்லை. அதற்கு எதிர்ப்பக்கத்துக் கல். நான்கு பக்கமும் அறுத்தாள். ரப்பர்க் கிண்ணங்களை ஒட்டினாள். உள்ளே இருந்த ஆணியைத் திருப்புளியால் நெம்பினாள். கல் முனகியது.

"அய்யோ எடுக்கிறா!"

"பிடிங்கடா அவளை!"

பிடிக்க யாரும் கிட்டே வரவில்லை. விழப்போகிற கட்டடத்தின் நடுவே போய் நின்று யார் பிடிப்பது? கல் கையோடு வந்தது. வந்த நொடியில் கூடம் காலியாக ஆரம்பித்தது. அப்படியொரு ஓட்டத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. கோட்டுகள் ஓடின, குதிகால் செருப்புகள் ஓடின, நாய் கிடைத்த அம்மா நாயை விட்டுவிட்டு ஓடினாள். நாய் நிதானமாகப் பின்னால் போனது. எல்லாருக்கும் முன்னால் பல் டாக்டர், கையுறையோடு. ஒன்பதாவது மாடியில் அவருடைய நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஆள் இன்னும் காத்திருந்தான். அவன் பாடு என்ன என்று கேட்க டாக்டருக்கு நேரமில்லை.

எல்லாரும் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் அண்ணாந்து பார்த்தார்கள். பிளந்த முக்கோணம் மேகத்துக்குக் கீழே அசையாமல் நின்றது.

கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஒருத்தி மட்டும் திரும்பி ஓடிவந்தாள். அக்கா. முகம் வெளுத்திருந்தது, ஒரு செருப்பைக் காணோம். உள்ளே பாய்ந்து தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாடி வெளியே! விழப்போகுதுடி! பைத்தியமே, வா!"

"அக்கா, நீ எதுக்கு உள்ள வந்த?"

"உன்னை விட்டுட்டு நான் மட்டும் இருந்து என்னடி பண்ண? வாடீன்னா!"

கத்திக்குப் பயந்தவள், நாற்பத்திரண்டு மாடி தலையில் விழும் என்று முழுதாக நம்பியபடியே உள்ளே வந்து நிற்கிறாள். திருப்புளி கல்லைக் கீழே வைத்தாள். "ஒரே ஒரு நிமிஷம்க்கா. சுத்திப் பாரு. உள்ள யார் யார் இருக்காங்க?"

அக்கா சுற்றிப் பார்த்தாள்.

லிஃப்ட் கதவருகே மேலாளர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். தூணய்யா தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றார். எதிர்ப்பக்கத்தில், வெள்ளைப் பசைக் கல்லை முதுகால் மறைத்தபடி.

அக்கா தங்கையின் கையை விட்டாள். தூணய்யாவைப் பார்த்தாள். மேலே ஒரு சாண் இடைவெளியைப் பார்த்தாள். கழற்றிய கல் இருந்த இடத்தில் தெரிந்த இருட்டைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர் முகத்தைப் பார்த்தே எந்த மாடிக்கு வந்தவர் என்று சொல்லப் பழகியவள் அவள்.

"ஐயா, நீங்க ஏன் ஓடல?"

"நான்... தூணைக் காப்பாத்த..."

"ஒரு உயிர் தப்பாதுன்னீங்களே. இப்பத்தானே சொன்னீங்க. அத்தனை பேரும் உங்க பேச்சை நம்பி ஓடினாங்க. நானும் ஓடினேன். நீங்க ஓடலையே."

"அம்மா, என்னோட சக்தி..."

"மேலாளருக்குமா சக்தி?"

மேலாளர் உடனே வாசலைப் பார்த்து இரண்டடி ஓடிக் காட்டினார். காலம் கடந்துவிட்டது.

"விழாதுன்னு உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரியும்" என்றாள் அக்கா, மெல்ல, ஒரு கணக்கை முதல்முறை போட்டுப் பார்க்கிறவள் மாதிரி. "அப்ப, குளிரும்னும் முன்னாடியே தெரியும். அப்படித்தானே? நகருங்க."

"தொடாதேம்மா, பாவம் சுத்தும்!"

"ஆறு வாரமா எனக்குள்ள வளந்துக்கிட்டிருக்கே, அதைவிடப் பெருசா என்னய்யா சுத்தப்போகுது? நகருங்கறேன்!"

அவர் நகர்ந்தார். அந்தக் குரலுக்கு நாற்பத்திரண்டு மாடியே நகர்ந்திருக்கும்.

வெள்ளைப் பசை சரியாகக்கூடப் பிடிக்கவில்லை. குளியலறை வேலை அப்படித்தான் இருக்கும். திருப்புளி கல்லை எடுத்தாள். பின்பக்கத்தை அரைத்து மெலிதாக்கியிருந்தார்கள். அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு மின்சார வெந்நீர்ப் பையின் உறவுக்காரப் பொருள். முதுகுவலிக்காரர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சூட்டு மெத்தை. அதன் மேலே கடைக்காரன் ஒட்டிய சீட்டுக்கூட உரிக்கப்படவில்லை: 'ஒரு வருட உத்தரவாதம்.' அதிலிருந்து கிளம்பிய கம்பி தூணின் அடிவழியே போய், ஐந்து படியும் ஏறி, கம்பளத்துக்கு அடியில், தையல் மெஷின் மிதி மாதிரி ஒரு மிதியில் முடிந்தது.

அக்கா படியேறிப்போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். செருப்பில்லாத காலால் மிதித்தாள்.

"சூடு ஆகுதாடி?"

"ஆகுதுக்கா."

"நான் என்ன கேட்டேன்னு அதுக்குத் தெரியுமா?"

"நீ இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லையே."

கட்டடம் விழவில்லை என்பது ஒருவாறு உறுதியானதும் கூட்டம் ஒவ்வொருவராக உள்ளே வந்தது. கம்பியைப் பார்த்தது. மிதியைப் பார்த்தது. தூணுக்குள் எட்டிப்பார்த்தது. ஒரு இரும்புச் சட்டம், கட்டிய காலத்தில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை, மற்றபடி தாராளமான காற்று. சிலர் தலையைத் தொங்கப்போட்டார்கள். சிலர் கோபப்பட்டார்கள், பெரும்பாலும் திருப்புளி மேல். "இதையெல்லாம் ஏன் தொறந்து காட்டணும்? நிம்மதியா இருந்தோம்" என்றார் ஒருவர். "மெத்தை வழியா சக்தி வரக் கூடாதுன்னு சட்டமா?" என்றார் இன்னொருவர். நாய்க்கார அம்மா அந்த மெத்தை எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தாள். முதுகுவலியாம். அன்றைக்கு அங்கே கேட்கப்பட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான்.

தூணய்யா பின்வாசல் வழியாகப் போக முயன்றபோது காவலாளி அவர் கோட்டைப் பிடித்து உட்காரவைத்தான். அவனும் இரண்டு முறை நெற்றி வைத்தவன். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. போலீஸ் வந்து, தூக்குக்குண்டைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னது. மேலாளர் தனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் என்பதால் அதை மட்டும் பலர் நம்பினார்கள்.

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள்.

"பயமா இருக்கா?"

"இருக்குடி. பயம் எங்க போகும்? ஆனா யாரையும் கேட்டுக்கிட்டு நிக்கல."

அறுவை மருத்துவர் வந்தார். கையில் தாள். "ஆறு வாரம் ஏன் தள்ளினீங்கம்மா?"

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "ஒரு தூணைக் கேட்டுக்கிட்டிருந்தேன் டாக்டர்."

மருத்துவர் சிரிக்கவில்லை. இப்படிப்பட்ட பதில்களை அவர் நிறையக் கேட்டிருக்க வேண்டும். "வளர்ந்திருக்கு. இன்னும் கொஞ்சம் அதிகமா எடுக்க வேண்டியிருக்கும். அதுக்கப்புறம் மருந்தும் ரொம்ப நாள் போடணும்" என்று மட்டும் சொன்னார். அந்தக் 'கொஞ்சம் அதிகம்' தூணய்யாவின் எந்தச் சீட்டிலும் எழுதியிருக்கவில்லை.

அறுவை முடிந்தது. அக்கா முழித்துக்கொண்டாள். முழித்ததும் கேட்ட முதல் கேள்வி, தன்னுடைய ஒற்றைச் செருப்பு கிடைத்ததா என்பது.

நான்காம் நாள் பார்வையாளர் நேரத்தில் பல் டாக்டர் பூங்கொத்தோடு வந்தார். கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் பெருந்தன்மை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, சந்தோஷம். நான் ஒண்ணு யோசிச்சேன் பாருங்க. அந்த ஆள் மோசடிதான், ஒத்துக்கறேன். ஆனா தூண் உங்களைப் பொறுன்னு சொன்னதும், அதனாலதான் இந்தப் புதன்கிழமை அமைஞ்சதும்... இதுல ஏதோ இருக்குன்னு உங்களுக்குத் தோணலையா?"

திருப்புளி வாயைத் திறந்தாள். அக்கா கையைக் காட்டி அவளை அடக்கினாள். கட்டுப்போட்ட உடம்போடு, தலையணையில் ஒருக்களித்து, டாக்டரை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"இருக்கு டாக்டர். பொறுத்ததால எனக்கு ஒரு பக்கமே போச்சு, அது இருக்கு. மிச்சத்தைக் காப்பாத்தினது ஒரு கத்தி, அதைப் பிடிச்ச கை, அந்தக் கையை நடத்தின மூளை. அந்த மாதிரி ஒண்ணு உங்களுக்கும் குடுத்திருக்காங்க. ஒருதடவை எடுத்து யோசிச்சுத்தான் பாருங்களேன். கட்டடம் ஒண்ணும் இடிஞ்சு விழுந்துடாது."